எந்தத் தொட்டில்?

புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் தங்கைகளே, வீடு வீடாகப் போகும்போது எதை மறக்கக்கூடாது என்று போன வாரம் என்னிடம் கேட்டீர்கள். தராசு, தடுப்பூசி அட்டை, குடை, தண்ணீர் பாட்டில் என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் குடையை மறந்திருக்கிறேன், தராசைக்கூட ஒரு தடவை மறந்திருக்கிறேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வீட்டில் ஒரு கேள்வி கேட்க மறந்தேன். மூன்று மாதப் பிள்ளை ஒன்று சாகப் பார்த்தது.

என்னைச் சரியாகத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருவரங்குளம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவள். என் பொறுப்பில் ஐந்து ஊர், ஒரு துணை சுகாதார நிலையம், ஒரு பழைய ஸ்கூட்டி. ஊரில் எனக்குக் ‘கறார் சிஸ்டர்’ என்று பெயர். தாய்மார்கள் யாரும் என்னிடம் எதிர்த்துப் பேச மாட்டார்கள். நான் ஒன்று சொல்லிவிட்டுப் போனால் அது அப்படியே நடக்கும். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. நீங்களும் அந்தப் பெயருக்கு ஆசைப்படுவீர்கள் என்று தெரியும். நான் சொன்னது அப்படியே நடந்ததால் வந்த வினைதான் இது.

நம் பக்கத்தில் பழைய சேலையை உத்தரத்திலோ கொக்கியிலோ கட்டிப் பிள்ளையைப் போட்டு ஆட்டுகிறோமே, அதற்கு ஏணை என்று பெயர். நானும் ஏணையில் கிடந்து வளர்ந்தவள்தான். என் வீட்டில் பேசும்போது ஏணை என்றுதான் சொல்வேன். ஆனால் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டால் எனக்கு வாயில் வேறு தமிழ் வந்துவிடும். அப்போது அது ‘தொட்டில்’. கூட்டத்தில் கொடுக்கிற தாளில் அப்படித்தானே போட்டிருக்கிறது. ஏணை என்று சொன்னால் படிக்காதவள் என்று நினைப்பார்களோ என்று ஒரு வெட்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்த மாதம் எங்கள் செவிலியர் கூட்டத்தில் பச்சைப் பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றித்தான் பேச்சு. துணித் தொட்டிலில் பிள்ளை வளைந்து கிடக்கும், தாடை நெஞ்சில் முட்டும், மூச்சு அடைபடலாம், துணி முகத்தில் மூடலாம் என்று சொன்னார்கள். கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் போட வேண்டும், பக்கத்தில் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது என்றார்கள். கொடுத்த தாளில் ஒரு படம் இருந்தது. நாலு பக்கமும் கம்பி வைத்த சின்னக் கட்டில். கீழே ‘குழந்தைக் கட்டில்’ என்று எழுதியிருந்தது. நான் அதை மனசுக்குள் சுருக்கிக்கொண்டேன். தொட்டில் கூடாது, கட்டில்தான். ஐந்து ஊருக்கும் இதையே சொல்லிக்கொண்டு போனேன்.

கவிதா வீட்டுக்கும் போனேன். கவிதாவுக்கு அது தலைப்பிள்ளை. பையன், பேர் தர்ஷன். புருஷன் செந்தில் குவைத்தில் வேலை. மாமியார் இல்லை, கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். வீட்டில் மாமனார் ராமையாவும் கவிதாவும் பிள்ளையும் மட்டும்தான். ராமையாவுக்குக் கொஞ்சம் மல்லிகைக் கொல்லை உண்டு. விடிவதற்கு முன்னால் பூப்பறிக்கப் போய்விட்டு வந்து, மிச்ச நேரமெல்லாம் பேரனோடு இருப்பார். ஏணைக் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஆட்டுவார். பேப்பர் படித்துக்கொண்டே ஆட்டுவார், சாப்பிட்டுக்கொண்டே ஆட்டுவார்.

நான் போனபோது அவர் இல்லை. ஹாலில் கொக்கியில் ஏணை சுருட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கவிதா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது.

“சிஸ்டர், இவன் தூங்கவே மாட்டேங்கிறான். தொட்டில்ல போட்டா ரெண்டு நிமிஷம் இருக்க மாட்டான். நெளியிறான், முறுக்குறான், வீறு வீறுன்னு அழுவுறான். என்ன செய்யிறதுன்னே தெரியல.”

நான் கொக்கியைப் பார்த்தேன். நான் சொல்ல வேண்டியதை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று சந்தோஷம்.

“தொட்டிலே வேண்டாம்னுதான் நாங்க தலையால அடிச்சுக்கிறோம். இன்னையிலருந்து அவனைத் தொட்டில்ல போடாத. கட்டில்ல போடு. மல்லாக்கப் போடணும். புரியுதா?”

“கட்டில்லயா சிஸ்டர்?”

“கட்டில்லதான்.”

அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம். பாவம், புதுசாக ஒன்றைக் கேட்கிறாள், அதனால் ஆச்சரியப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் இன்னொன்றும் சொன்னாள். அதைக் கவனியுங்கள்.

“இவன் அப்பாதான் போன்லயே சண்டை போடுறாரு சிஸ்டர். தொட்டில்ல போடு, தொட்டில்ல போடுன்னு. நீங்க வேண்டாம்னு சொன்னீங்கன்னு சொல்லிரவா?”

“தாராளமாச் சொல்லு. சிஸ்டர் சொன்னாங்கன்னு சொல்லு.”

குவைத்துக்கே போனாலும் பழைய புத்தி போகவில்லையே என்று செந்திலை மனசுக்குள் கேலி செய்துகொண்டே வண்டியை எடுத்தேன். உள் அறைக்கு நான் போகவில்லை. அன்றைக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி. உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

ஒன்பதாம் நாள் மறுபடி அந்தத் தெரு. காலை பத்தரை மணி இருக்கும், வெயில் ஏறிவிட்டது. தர்ஷனுக்கு அடுத்த தடுப்பூசிக்கு நாள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. வாசலில் ராமையா சாக்கை விரித்து, பூவில் காம்பு, குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை.

“அண்ணே, கவிதா எங்கே?”

“மெதுவாப் பேசுங்க சிஸ்டர். இப்பத்தான் புள்ள தூங்குது. ரெண்டு நாளாப் பொட்டுக் கண்ணு மூடல. கவிதாவும் அசந்து படுத்திருக்கு.”

“எழுப்ப வேண்டாம். புதன்கிழமை ஊசின்னு மட்டும் சொல்லிருங்க.”

“சொல்லிர்றேன். இப்பல்லாம் நீங்க சொன்ன மாதிரியே கட்டில்லதான் போடுறது.”

கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? நான் சொன்னது நடக்கிறது. சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அவர் பூவைப் பொறுக்கிக்கொண்டே தொடர்ந்தார். மனுஷன் என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார்.

“தொட்டில்ல போடுறதேயில்ல. அதுல இப்பத் துணிதான் மடிச்சு வச்சிருக்கு.”

எனக்குச் சட்டென்று உறைத்தது. ஏணையில் யாரும் துணி மடித்து வைக்க மாட்டார்கள்.

“எந்தத் தொட்டில் அண்ணே?”

“அதான், மகன் ஆன்லைன்ல வாங்கி அனுப்புனானே. கம்பி வச்ச மரத் தொட்டில்.”

“அப்ப இது?” கதவு வழியாக ஹாலில் தொங்கியதைக் காட்டினேன்.

“அது ஏணைல்ல?” என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போல.

அந்த வீட்டில் மரத் தொட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து தொட்டில் என்றால் அதுதான். சேலையில் கட்டியது எப்போதும் போல ஏணை. கட்டில் என்றால் கவிதாவின் கல்யாணத்துக்கு அவள் வீட்டில் செய்து கொடுத்த இரட்டைக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தையோடு. நான் கூடாது என்று சொன்னது, அந்த வீட்டில் இருந்ததிலேயே பத்திரமான இடத்தை. போடச் சொன்னது, இருந்ததிலேயே மோசமான இடத்தில். ஏணையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். ராமையா பின்னாலேயே வந்து, “தூங்குற புள்ளைய எட்டிப் பாக்காதீங்க சிஸ்டர், கண்ணு பட்டுரும்” என்றார். அதைச் சொல்லும் வழக்கம் எனக்கும் தெரியும், நானும் பல வீட்டில் அதற்கு மரியாதை கொடுத்து வாசலோடு திரும்பியிருக்கிறேன். அன்றைக்குத் திரும்பவில்லை.

பிள்ளை விழுந்துவிடக் கூடாது என்று கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். வெளிப் பக்கம் கவிதா பால் கொடுத்த நிலையிலேயே ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு தலையணை. பிள்ளையைக் காணோம். நெளிகிற பிள்ளை, மெத்தை உள்வாங்கிய பக்கமாகச் சரிந்து, மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் இறங்கியிருந்தான். முகம் ஒரு தலையணையில் புதைந்திருந்தது. பிஞ்சுக் கால் ஒன்று மட்டும் மேலே தெரிந்தது.

இழுத்து எடுத்தபோது துவண்டு கிடந்தான். உதடு கறுத்திருந்தது.

கவிதா விழித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஒருவர் பிள்ளையைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னார், ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பையன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு, “தூக்குங்க, தூக்குங்க, போயிருவோம்” என்று கத்தினான். எனக்கும் ஓடத்தான் தோன்றியது. பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடுவதுதான் அந்த நேரத்தில் மனசுக்குச் சுலபம். ஓடும்போது நாம் ஏதோ செய்கிறோம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அப்போது தேவைப்பட்டது மூச்சு. பைக்கில் மூச்சு கொடுக்க முடியாது. நான் வெறும் தரையில் உட்கார்ந்தேன். “ஒருத்தரும் தொடக் கூடாது, 108க்கு போன் போடுங்க” என்று கத்தினேன். என் கறார் குரல் உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

செய்த முறையை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குப் பொம்மையை வைத்துக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பச் செய்து பாருங்கள். எனக்கு நினைவில் இருப்பது வேறு. பூ பொறுக்கிய கையோடு ராமையா சுவரில் சாய்ந்து நின்றார். அறை முழுக்க மல்லிகை வாசம். எனக்கு இன்றுவரை மல்லிகை ஆகாது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிள்ளை ஒரு விக்கல் போல இழுத்தான். பிறகு அழுதான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளின் முதல் அழுகையைக் கேட்டவள் நான். அந்த அழுகையைக் கேட்டதும் அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இத்தோடு கதையை முடித்தால் நான் நல்லவள். இனிமேல்தான் நான் உண்மையில் செய்த தவறு வருகிறது.

முதல் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் செந்தில் வீடியோ காலில் வந்தான். போனை யாரோ கவிதா முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். “புள்ள சாகக் கெடக்குறான், நீ தூங்கிட்டியா? அப்படி என்ன தூக்கம் ஒனக்கு?” என்று அவன் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. ஊரிலிருந்து வந்த பெண்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். ‘தம்பி, கட்டிலில் போடச் சொன்னது நான்’ என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? எல்லாரும் என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால். ‘சிஸ்டர் மட்டும் வரலைன்னா’ என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்தார்கள். ராமையா என் காலில் விழவே வந்துவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்கள் டாக்டர் எல்லாரையும் கூட்டி நடந்ததைச் சொல்லிக் கைதட்ட வைத்தார். டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும், நல்ல பிள்ளை. நானும் கூச்சப்படுகிற மாதிரி சிரித்துக்கொண்டு அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன். அன்றைக்குப் பதிவேட்டில் எழுதினேன்: “தாய் அசந்து தூங்கிவிட்டதால் குழந்தை மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் சிக்கியது. பணியாளர் உரிய நேரத்தில் சென்றதால் காப்பாற்றப்பட்டது.” ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய்யை உண்மையான சொற்களாலேயே எழுத முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவர்கள் வீடு திரும்பிய மூன்றாம் நாள் மத்தியானம் பார்க்கப் போனேன். ராமையா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். கவிதா ஹாலில் சுவரில் சாய்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முதல் தடவை போனபோது எப்படி இருந்தாளோ அதே இடம், அதே மாதிரி. ஆனால் முழங்கைக்குக் கீழே அவள் கை பூராவும் கன்றிப் போயிருந்தது.

“என்ன ஆத்தா இது கையில?”

“கிள்ளிக்கிட்டேன் சிஸ்டர். தூக்கம் வந்துரும்ல.”

ராமையா மெதுவாகச் சொன்னார். “வந்ததுலருந்து படுக்கல சிஸ்டர். புள்ளையக் கீழயே விட மாட்டேங்குது. நான் வச்சிருக்கேன்னு சொன்னாலும் குடுக்க மாட்டேங்குது.”

“எங்க போட்டாலும் செத்துருவான் மாமா” என்றாள் கவிதா. குரலில் அழுகைகூட இல்லை. அவள் கண் சொருகியது, தலை சாய்ந்தது, பிள்ளை மடியிலிருந்து நழுவினான். ராமையா பாய்ந்து பிடித்தார். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து, மறுபடி கையைக் கிள்ளிக்கொண்டாள். இன்னும் ஒரு நாள் போனால் இரண்டில் ஒன்று நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை கீழே விழும், இல்லை அவளுக்கு ஏதாவது ஆகும்.

“தூங்குனா என்ன ஆத்தா? மாமா பாத்துக்குவாரு, நான் இருக்கேன். படு.”

“நான் தூங்குனதாலதானே சிஸ்டர். எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க.” கொஞ்ச நேரம் பிள்ளையையே பார்த்தாள். “நீங்க அன்னைக்கு என்னமோ சொன்னீங்க. நான்தான் சரியாக் கேக்கல போல.”

என்னைக் கேவலமாகத் திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். நான் சொன்னதைச் சரியாகக் கேட்டு, அப்படியே செய்த பெண், தன் காதில்தான் கோளாறு என்கிறாள்.

“நீ சரியாத்தான் கேட்ட. நான்தான் தப்பாச் சொன்னேன்” என்றேன். நான் தொட்டில் என்றது ஏணையை, கட்டில் என்றது மரத் தொட்டிலை என்பதை உட்கார்ந்து சொன்னேன். ராமையா கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு போனை எடுத்து செந்திலைக் கூப்பிடச் சொன்னேன். அவன் வேலையிடத்தில் தலையில் ஹெல்மெட்டோடு வந்தான்.

“தம்பி, நீங்க அனுப்புன தொட்டில்ல போட வேண்டாம்னு சொன்னது நான். கட்டில்ல போடச் சொன்னதும் நான். ஒங்க சம்சாரம் நான் சொன்னதைத்தான் செஞ்சது. அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை சொல்லாதீங்க.”

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது, படம் சரியாகத் தெரியவில்லை. “அவகிட்ட குடுங்க” என்றான். நான் போனை நீட்டினேன். கவிதா வாங்கவில்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல சிஸ்டர்? ஒரு வாரமா நான் என் புள்ளையக் கொல்லப் பாத்தவள்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்.”

மன்னித்துவிடு என்றேன். அவள் பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

“நீங்களே போடுங்க. வாயால சொல்லாதீங்க. எதுலன்னு கையால காட்டுங்க.”

உள் அறைக்குப் போனோம். மூலையில் இருந்தது அந்தத் தொட்டில், நிறைய மடித்த துணியோடு. ராமையா துணியை எல்லாம் அள்ளி வெளியே போட்டார். சுற்றிலும் கட்டியிருந்த பஞ்சு மெத்தையை அவிழ்த்தோம், தொங்கிய பொம்மையைக் கழற்றினோம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைத்திருந்த கடுகுத் தலையணையை நான் எடுத்து ராமையாவிடம் கொடுத்தேன். அவருக்கு அதில் வருத்தம்தான். அடியில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, தொட்டிலைக் கவிதா படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நகர்த்தினோம். “மேல ஒரு துண்டை மட்டும் போட்டு மூடிக்கிறேன் சிஸ்டர், கண்ணு படும்” என்றார் ராமையா. “கன்னத்துல பெருசா ஒரு பொட்டு வச்சுக்கங்க அண்ணே, துண்டு வேண்டாம்” என்றேன். ஒத்துக்கொண்டார்.

பிள்ளை சும்மா இருப்பானா? பால் குடித்து, ஏப்பம் விட்டு, கண் செருகும்போது மல்லாக்கப் போட்டால், முதுகு பட்டதும் வீறிட்டான். தூக்கிச் சமாதானம் செய்து மறுபடி போட்டேன். மறுபடி வீறிட்டான். மூன்றாவது தடவை ராமையா, “நகருங்க சிஸ்டர்” என்று தொட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கம்பி வழியாகக் கையை விட்டு அவன் நெஞ்சின் மேல் லேசாக வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முனகினார். பாட்டா என்றால் பாட்டில்லை, சும்மா ஒரு சத்தம். பிள்ளை முறுக்கினான், அழுதான், கொஞ்சம் நிறுத்தி அவரைப் பார்த்தான், மறுபடி அழுதான். அவர் கையை எடுக்கவில்லை. நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். அவருடைய கால் பெருவிரல் தரைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. கயிறு இல்லை, ஏணை இல்லை, ஆனால் கால் பழக்கத்தில் ஆட்டிக்கொண்டே இருந்தது.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பிள்ளை தூங்கினான். திரும்பிப் பார்த்தால் கவிதா கட்டிலில் உட்கார்ந்தபடியே சாய்ந்து தூங்கியிருந்தாள். கிள்ளிய கை தொட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. நான் அவளை நேராகப் படுக்க வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்குப் போக வேண்டிய ஆறு வீட்டுக்கும் போகவில்லை. இருவரும் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு நாலு மணிவரை அங்கேயே இருந்தேன்.

அங்கிருந்து நேராக நிலையத்துக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தேன். எழுதிய வரியை, படிக்கிற மாதிரியே ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: “வீட்டில் தொட்டில் என்று எதைச் சொல்கிறார்கள் எனக் கேட்காமல், பணியாளர் தவறான இடத்தில் படுக்க வைக்கச் சொன்னார். தாய் சொன்னபடி செய்தார். தாய் மீது தவறு இல்லை.” கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். “இது மேல போனா உங்களுக்கு மெமோ வரும் சிஸ்டர்” என்றார். “வரட்டும் சார்” என்றேன். வந்தது. பதில் எழுதினேன். அந்தப் பதிவேடு நிலையத்து அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது, நீங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை நான் எந்த வீட்டிலும் ‘தொட்டில்’ என்றோ ‘கட்டில்’ என்றோ வாயால் சொல்லிவிட்டு வந்ததில்லை. “புள்ள எங்க தூங்குது, கூட்டிட்டுப் போய்க் காட்டு” என்பேன். பிறகு அந்த இடத்தைக் கையால் தொட்டுச் சொல்வேன். ஏணையைத் தொட்டு வேண்டாம் என்றால், வேறு எங்கே என்பதையும் தொட்டுக் காட்டாமல் நகர மாட்டேன். மரத் தொட்டில் இல்லாத வீடுதான் அதிகம். அங்கே தரையில் பிள்ளைக்கென்று தனியாகக் கெட்டியான விரிப்பு போடவைத்து, அதைத் தொட்டுக் காட்டிவிட்டு வருவேன். ஒரு வீட்டுக்கு அரை மணி கூடுதலாக ஆகும். ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தர்ஷன் இப்போது பால்வாடிக்குப் போகிறான், நல்ல வாலு. கவிதா வழியில் பார்த்தால் வாங்க என்பாள், டீ கொடுப்பாள். பழைய மாதிரி சிரித்துப் பேசுவதில்லை. நானும் அதை எதிர்பார்ப்பதில்லை.

போன மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. இரண்டாவதாகப் பெண் பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள். “ரிட்டயர்டு ஆயிட்டீங்கன்னு தெரியும். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்றாள். போனேன். ஹாலில் கொக்கி வெறுமனே இருந்தது. அவள் உட்காரச் சொல்லவில்லை, நேராக உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதே மரத் தொட்டில், துணி இல்லை, பொம்மை இல்லை. கவிதா அதன் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இதுலதானே சிஸ்டர்?”

நான் அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன்.

“இதுலதான்” என்றேன்.